மூன்றாம் எண் கூண்டு

ராட்டன் பஜாரில் கறுப்பு நூல் கேட்டால்
தைக்கவா கட்டவா என்பார் முனவ்வர் பாய்.
கட்ட.
எதை என்று கேட்கமாட்டார்.
பூக்காரிகள், சோபா தைப்பவர்கள், நான்,
அவர் கடையில் எல்லோரும் ஒன்று.

பகலில் வேப்பேரியில் பல் செய்கிறேன்.
யாரோ கடித்துவிட்டுப் போன மெழுகிலிருந்து
அவர்கள் சிரிக்கப்போகும் வரிசை.
அதே இடுக்கி, அதே பூதக்கண்ணாடி
இரவில் ராயபுரம் மூன்றாம் மாடியில்
மூன்று பாய்மரக் கப்பலுக்கு.
அசலில் எண்பதில் ஒரு பங்கு.
சாப்பாட்டு மேசையில் பாதி அதற்கு.
மீதிப் பாதியில் நாங்கள் சாப்பிடுகிறோம்.

இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
விரல் அசைந்தால் முப்பது டன் எழும்பும்.
முதல் நாளே கேட்டான்:
"இதுல எத்தனை பெட்டி ஏறும்?"
மூன்று துளை போட்ட வட்டக் கட்டையைக் காட்டி
ஆங்கிலத்தில் இதற்குச் செத்த கண் என்று பேர் என்றேன்.
"தேங்காய்க்கும் மூணு கண்ணுதான்" என்றவன்
மிளகைவிடச் சிறிய அதை
விளக்குக்கு எதிரே பிடித்து
நெடுநேரம் பார்த்தான்.
பருமல், ஆஞ்சான், தாமான் எல்லாம்
அவன் கொடுத்த பெயர்கள்.
தூத்துக்குடியில் தோணி பார்த்து வளர்ந்த வாய்.

விசிறி போட்டால் நூல் முனை பறக்கும்.
மே முழுக்க வேர்வை.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
மேல்தளத்தில் விழுந்தது.
கப்பல் பார்த்த முதல் உப்புநீர்.

முதலில் மரத்தைத் தாங்கும் கயிறு,
அதன்மேல் ஏறுவதற்குக் குறுக்குப்படி,
அப்புறம்தான் பருமல்.
வரிசை தப்பினால் விரல் உள்ளே போகாது.
ஆகஸ்டில் எனக்குத் தப்பியது.
நடுமரத்திலிருந்து முன்மரத்தின் அடிக்கு
இறங்கவேண்டிய ஒற்றைக் கயிற்றை மறந்துவிட்டு
நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு போட்டிருந்தேன்.
ஒரு முழு ஞாயிறு கத்தரித்தேன்.
இன்னாசி சங்கரா பொரித்தான், பேசவில்லை.
தேன்மெழுகு தடவிய துணுக்குகளை
எறும்புகள் இழுத்துப் போயின,
எதற்கென்று தெரியவில்லை.

பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும்.
எந்தக் குறிப்பிலும் இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள், நான் படித்திருக்கமாட்டேன்.
ஐப்பசி கடைசியில் ஒரு மாலை
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
"கிரேனைக் கட்டிப் போட்டாச்சு, ராத்திரி வர முடியாது"
என்றான் போனில்.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தால்
பின்மரத்தின் உச்சி
ஜன்னல் பக்கமாக வளைந்திருக்கிறது.
அந்தப் பக்கம் மட்டும் கயிறு
தொட்டால் வீணைத்தந்தி.

அந்தக் காலத்தில் இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது.
கப்பல்கள் தள்ளியே நிற்கும்.
ஆளும் சரக்கும் படகில் அலை தாண்டி வரும்.
புயல் கண்டால் நங்கூரத்தைக்கூட விட்டுவிட்டு
நடுக்கடலுக்கு ஓடும்.
கடலைவிடக் கரைதான் உடைக்கும்.

செத்த கண்களுக்கு இடையே ஓடும் நூலை
இடுக்கியால் பிடித்து
ஓர் அரிசி அகலம் விட்டேன்.
ஜன்னல் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் ஒன்று.
பயத்தில் இன்னொன்று.
மரம் நிமிர்ந்தது,
அல்லது சுடர் நிமிர்ந்தது.
பிறகு மேசையை
ஊறுகாய் பாட்டில், தட்டு, கப்பலோடு
அங்குலம் அங்குலமாக
சுவரை விட்டு, ஜன்னலை விட்டு,
அறையின் நடுவுக்கு இழுத்தேன்.
கீழ்வீட்டுக்காரர் கம்பால் இரண்டு முறை தட்டினார்.

காலையில் சொட்டச் சொட்ட வந்த இன்னாசி
வாசலிலேயே நின்றான்.
"எங்க கிளம்பிட்டீங்க?"
"கூண்டு இறக்கிட்டாங்களா, அதச் சொல்லு."
"இன்னும் இல்ல."
சரி என்று
அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.