துளை எண் ஏழு

காலை ஆறே முக்கால். எட்டாம் லைனுக்கு வடக்கே,
போன வருடச் சோளத் தட்டைகள் நொறுங்க,
துரப்பணத்தை நிமிர்த்துகிறான் டார்சி.
நான் பதிவேடு. அதாவது
மேலே வருவதை எழுதுகிறவள்.

சுழியத்திலிருந்து நாற்பத்தொரு சென்டிமீற்றர் வரை
மேல்மண்.
கறுப்பு. ஈரம். வேர்கள் உண்டு.
அதற்கு எங்கள் படிவத்தில் ஒரேயொரு சொல்:
அகற்றுக.
அதன் பிறகுதான் எங்கள் வேலை,
வண்டல் களி, பனியாறு போட்டுவிட்டுப் போன கூழாங்கல்,
ஒரு சுவரைத் தாங்குமா தாங்காதா.
இந்த நாற்பத்தொன்றைச் சேர்க்க எவ்வளவு காலம் பிடித்தது என்று
படிவம் கேட்பதில்லை.

வேலியோரம் பிக்கப்பை நிறுத்தினான் டேரல் வெஸ்டர்வெல்ட்.
நிலத்தை அவன் தகப்பன் விற்றுப் பதினாறு வருடம்.
வாங்கிய கம்பனிக்குப் பெயர் கிடையாது, ஏழு இலக்கம்தான்.
அந்த இலக்கத்திடமே வருடாவருடம் குத்தகைக்கு எடுத்து
தன் வயலைத் தானே உழுகிறான்.
கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன்.
"வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பீர்களா?
சோயா விதைக்க வேணும்" என்றான்.
அவ்வளவுதான்.

நான் வசிப்பது ஸ்காபரோவில்
இரண்டு தசம் ஒரு மீற்றர் ஆழத்தில்.
என் அறையை நானே பதிவதென்றால்:
நிறம் சாம்பல். ஈரம் மிதமானது.
ஃபர்னஸ் குழாய்க்குக் கீழே ஒரு கட்டில், இரண்டு பிள்ளைகள்.
ஜன்னல், புல்லின் வேர்மட்டத்தில்.
மேலே வீட்டுக்காரரின் குதிக்கால்
இரவு பதினொன்று வரை.

அறம், பொருள், இன்பம்
எங்களால் இயன்றவரை பார்த்தாயிற்று.
நான்காவதற்கு
முன்பணம் ஐந்து வீதம்,
மிச்சத்துக்கு வங்கி.

செவ்வாய் இரவு ஊர்மண்டபத்தில் கூட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
வாசலில் இரண்டு தாள், ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று.
தயாளன் ஆதரவில் போட்டுவிட்டு
பேனையை என் பக்கம் நீட்டினார்.
நான் கம்பனி ஆள், போடக் கூடாது என்றேன்.
உண்மைதான். முழுக்க இல்லை.

"முதல்தர மண் இந்த நாட்டில் ஒரு கைப்பிடி.
அதன் மேலா கொங்கிரீட்?" என்றாள் ஒருத்தி.
கைத்தட்டல்.
அவள் சொன்ன முகவரித் தெரு
தொண்ணூற்றாறில் ஓட்ஸ் வயல்.
அந்தத் துளைகளின் பதிவு எங்கள் அலமாரியில் கிடக்கிறது.
அதனால் அவள் சொன்னது பொய்யாகிவிடாது.
பிறகொரு பையன், முப்பது இருக்கும்,
"அப்ப நான் எங்கே போக?" என்று மட்டும் கேட்டுவிட்டு
மீதி இரண்டே முக்கால் நிமிடமும்
மைக்கைப் பிடித்தபடி நின்றான்.
அதற்கும் கைத்தட்டல். சில, அதே கைகள்.

டேரல் வரவில்லை.
மழை வருமுன்
விளக்கைப் போட்டு விதைத்துக்கொண்டிருந்திருப்பான்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
வழமையில் வெறுமை.
துளை ஏழுக்கு நான் எழுதினேன்:
மண்புழு, பதினொன்று.
மேலாளர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
தாங்குதிறனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
தொடர்பில்லை.
அழித்தேன்.

அகற்றிய மேல்மண்ணைக் குவித்து வைப்பார்கள்.
சலிப்பார்கள். பையில் அடைப்பார்கள்.
ஒரு மே மாதம் கடைவாசலில் அடுக்கியிருக்கும்,
பை நான்கு டொலர் தொண்ணூற்றொன்பது.
எங்களுக்கு அங்கே வீடு வாய்த்தால்
பின்வளவு வெறுங் களியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்,
என்ன இருக்கும் என்று எழுதியவளே நான்.
மிளகாய்க் கன்றுக்கு ஆறு பை வாங்குவோம்.
முதல் பையைக் கிழித்து
முழங்கை வரை விட்டுத் துழாவுவேன்.
என்ன தேடுகிறாய் என்பார் தயாளன்.
பொறுங்கோ,
எண்ணுகிறேன்.