ஈழத்தலரி

எழுநூறு ரோஜா, வெள்ளிக்கிழமைக்குள்.
கீழக்கரை மேடைக்காரர் சீனி இபுராகிம்
போனில் சொன்னது அவ்வளவுதான்.
விலை பேசுமுன் வைத்துவிட்டார்.

தங்கச்சிமடத்தில் கச்சான் அடிக்கிற மாதம்.
காலையில் வெட்டிய இதழ்
பத்து மணிக்கெல்லாம் நமத்த அப்பளம்.
கிரேப் தாளைச் சுளகில் பரப்பி
உலைமூடியின் சூட்டில் காட்டிக் காட்டி
சைக்கிள் கம்பியால் ஓரம் சுருட்டுகிறேன்.
முடிந்த பூவெல்லாம்
மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டியில்.
போன தடவை மணப்பெண்ணுக்கு
ரோஜாவில் பாரை வாசம் அடித்ததாம்.
இந்தத் தடவை மூடியில் அத்தர் தடவினேன்.
இப்போது
அத்தர் போட்டுக்கொண்ட பாரையின் வாசம்.

சந்தியாகு வந்து பதினோரு நாள்.
படகு வரவில்லை.
மயிலிட்டியில் கட்டிக் கிடக்கிறது.
யாரோ கொடுத்த சட்டையும்
கொழும்பு டிக்கெட்டின் கிழிந்த பாதியும்தான்
கொண்டுவந்தான்.
பிறந்து முதல் விமானமாச்சே,
எப்படி இருந்தது என்றேன்.
"காது அடைச்சுச்சு."
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

தெரு கேட்டது.
அடித்தார்களா, சோறு போட்டார்களா,
எந்தக் கடலில் வைத்துப் பிடித்தார்கள்.
"நம்ம கடல்லதான்" என்றான் சுவரைப் பார்த்து.
அந்த நம்மவில் யார் யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

புதன் இரவு,
முந்நூற்றுப் பன்னிரண்டாவது ரோஜாவில்
என் கட்டைவிரல் வீங்கிவிட்டது.
பாயிலிருந்து எழுந்து வந்தான்.
வெள்ளைத் தாள் ஒன்றை உருவினான்.
கத்திரிக்கோலை நீட்டினேன், வாங்கவில்லை.
மடித்தான், நகத்தால் நீவினான்,
மடிப்பை நாக்கு நுனியால் நனைத்துக் கிழித்தான்.
கூரானது எதையும்
கையில் தராத இடத்தில் பழகியவன்
அப்படித்தான் கிழிப்பான் போலும்.

ஐந்து இதழ்.
ஒவ்வொன்றும் அடுத்ததன் தோளில் கொஞ்சம் ஏறி,
காற்றாடி சுற்றத் தொடங்குமுன் இருக்குமே, அப்படி.
அடியில் வலை முடிச்சு.
நடுவுக்கு மஞ்சள் வேணும் என்று
மஞ்சள்தூள் டப்பாவில் விரல் விட்டான்.
"அங்க பருப்புத் தண்ணியத் தொட்டுக்கிட்டோம்."

யாரு, நாம?

"நிமல்னு ஒருத்தன். நீர்கொழும்பு.
அவனும் கடல்காரன்தான்.
பிஸ்கட் தாள்ல செய்வான்."
என்ன பூ?
"அரலியா."
அரளியா, விஷமாச்சே என்றேன்.
"அரளி இல்ல. அரலியா."
நான் ளகரத்தில் நின்றேன், அவன் லகரத்தில்.
கைகள் மட்டும் ரோஜா சுற்றிக்கொண்டிருந்தன.

தாவரவியல் படிக்கிற பக்கத்து வீட்டு ஜெனிட்டா
காலையில் தீர்த்து வைத்தாள்.
"கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நிக்குதே,
அந்த மரம்தான் அக்கா.
தமிழ்ல ஈழத்தலரி."

நாங்கள் கல்லறைப் பூ என்றே சொல்லி வந்தோம்.
என் மாமனார் தலைமாட்டில்
வருசம் முழுக்க உதிர்கிறது.
எந்தக் காலத்தில் எந்தப் படகில் வந்ததோ,
வந்த ஊரைப் பேரிலேயே வைத்துக்கொண்டு
நிற்கிறது பாட்டுக்கு.
யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

வெள்ளி மாலை சீனி இபுராகிம் போன்.
"ரோஜா ஒண்ணு குறையுது புள்ள.
வெள்ளையா என்னமோ ஒண்ணு கெடக்கு."
தெரியும். நான்தான் வைத்தேன்.
மூன்று ரூபாய் பிடித்துக்கொண்டார்.
சொன்னதும் சந்தியாகு சிரித்தான்,
பன்னிரண்டு நாளில் முதல் தடவை,
பல் தெரியாமல்.
"அந்த வெள்ளைய என்ன செஞ்சாராம்?"

நான் அதைக் கேட்கவில்லையே.

நிமலுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறதாம்.
இதைத் தானாகவே சொன்னான்.
சொல்லிவிட்டுப் பெட்டியைத் துழாவினான்.
சிவப்பு பதினாலு தாள், பச்சை ஆறு,
வெள்ளை தீர்ந்துபோயிருந்தது.

கடைக்குப் போய்
ஐந்து ரூபாய் பிஸ்கட் வாங்கி வந்தேன்.
எனக்கு இரண்டு தந்தான்.
மிச்சத்தைத் தட்டில் கொட்டிவிட்டு
தாளைத் தொடைமேல் வைத்து
நீவத் தொடங்கினான்.