நான்காவது படுக்கை

மூஸ் ஜாவில், நெடுஞ்சாலை ஓரம்,
பனி உருகிய சேற்றில் வரிசையாக
நாற்பது டிரெய்லர்கள். ஏப்ரல் மாதம்.
விற்பனையாளர் டுவேன் எங்கள் டிரக்கைச்
சுற்றிவந்து பார்த்தார்,
சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல.
"எத்தனை பேர்?" என்றார்.

ஓரெஸ்ட் ஆறு என்றான்.
நான் ஐந்து என்றேன்.
இரண்டு வார்த்தையும் ஒன்றாக வந்து விழுந்தன.
டுவேன் பேனாவை மூடிவிட்டு
"காபி குடிக்கிறீர்களா?" என்றார்.

ஐந்து என்றால் மூன்று படுக்கை போதும்:
மேசன், வில்லா, மூன்று வயது ஜூட்.
சின்ன வண்டி. டிரக் மூச்சு வாங்காமல் இழுக்கும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ஆறாவது ஆள் வின்னிபெக்கில் இருக்கிறாள்,
தன் அம்மாவோடு.
லாரிசா. பதினான்கு வயது.
போன கோடையில் நான்கு நாள் வந்தாள்,
மூன்று நாள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை.
மனதுக்குள் கணக்குப் போட்டேன்:
வருடத்தில் நான்கு இரவுக்காக
ஏழாயிரம் டாலர் கூடுதல்.
வாய்விட்டுச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்கூட
அவனுக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

பெரிய வண்டிக்குள் புதுப் பசையின் நெடி,
கண் எரிந்தது.
மேசன் மேல்படுக்கையில் ஏறி இறங்க மறுத்தான்.
வில்லா கீழே புகுந்து, "இது குகை,
யாரும் வரக்கூடாது" என்றாள்.
ஜூட் சேற்றுக் காலணியோடு
பாத்திர இழுப்பறைக்குள் உட்கார்ந்திருந்தான்.

அறுபத்தெட்டு கிலோவுக்கு மேல் கூடாது என்று
ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டே
ஓரெஸ்ட் நான்காவதில் ஏறிப் படுத்தான்.
பலகை முனகியது.
டுவேன் ஜன்னல் வழியே வானிலை பார்த்தார்.
பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க,
அளவுநாடாவை இழுத்து,
"அவள் என் உயரத்துக்கு வந்துவிடுவாள்" என்றான்,
என்னிடம் அல்ல, நாடாவிடம்.

பிறகு எடைக் கணக்கு.
விலைத்தாளின் முதுகில் கூட்டிக் கழித்தார்கள்.
டிரக்கின் சக்திக்கு
நூற்று முப்பது கிலோ அதிகம்.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
நான் நல்லவளாகவே இருந்துகொள்ளலாம்,
எஞ்சின் மறுத்துவிட்டது.

டுவேன் தலையைச் சொறிந்தார்.
"தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து இழுங்கள்.
போன இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்."
நூற்று ஐம்பது லிட்டர். நூற்று ஐம்பது கிலோ.
லிட்டருக்கு ஒரு கிலோ என்று பள்ளியில் படித்தோம்.
ஒரு பெண்ணுக்கு எத்தனை லிட்டர் என்று
அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
பெருந்தன்மை என்று எழுதிவிடாதீர்கள்.
ஜூட்டுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது,
என் சாக்ஸ் நனைந்திருந்தது,
நாடாவைச் சுருட்டாமல் அவன் இன்னும்
மேலேயே படுத்திருந்தான்.

ஜூலை. டீஃபென்பேக்கர் ஏரி.
முகாமின் ஒரே குழாய் இருநூறு தப்படி தூரம்.
கேனைத் தூக்கிவரும்போதெல்லாம்
டுவேனின் பரம்பரையைத் திட்டினேன்.
நான்காவது படுக்கையில்
மிதவைச் சட்டைகள், மடக்கு நாற்காலிகள்,
அடுப்புக்கரி மூட்டை,
எப்போதும் காயாத துண்டுகள்.
பார், இடம் வீணாகவில்லை என்றேன்.
ஓரெஸ்ட் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் பத்தொன்பது. அவன் பிள்ளைகளோடு
ஏரிக்குள் இருந்தான். அவனுடைய போன்
என் கைப்பையில் ஒருமுறை அதிர்ந்தது.
"அங்க எனக்கு இடம் இருக்கா?"
'இருக்கு' என்று தட்டி அனுப்பிய பிறகுதான்
தலையைத் திருப்பி அந்தப் படுக்கையைப் பார்த்தேன்.

நாற்காலிகளை வெளியே எறிந்தேன்.
துண்டுகளை மரத்துக்கு மரம் கட்டினேன்.
மூட்டையை இழுத்ததும் மெத்தையில்
ஆளுயரத்துக்குக் கரிக்கோடு.
தட்டினேன், பரவியது.
புரட்டிப் போட்டேன்.
அந்தப் பக்கம் ஜூட் எப்போதோ
திராட்சைச் சாறு கொட்டியிருந்தான்.

கேனை எடுத்துக்கொண்டு
குழாயை நோக்கி நடந்தேன்.