வியாழக்கிழமைக் கறை

யங்ஸ்டவுனில் அந்தப் பள்ளியின் ஓவிய அறையில்
இப்போது கால் உடைந்த நாற்காலிகள் படிக்கின்றன.
அதனால் வியாழன்தோறும்
நூலகத்தில் இரவல் வாங்கிய தள்ளுவண்டியில்
வகுப்பையே ஏற்றிக்கொண்டு போகிறேன்.
முன்சக்கரம் ஒன்று இடப்பக்கமே இழுக்கும்,
நடைகூடம் முழுக்கக் கிறீச்சிடும்.
நான்காம் வகுப்புக்கு அதுதான் மணி.

நாற்பது நிமிடம். இருபத்தாறு பேர். பதினொரு தூரிகை.
தண்ணீருக்குத் தயிர்க் கிண்ணங்கள்,
எத்தனை கழுவியும் ஸ்ட்ராபெரி வாசம் போகாதவை.
இலவசம் என்றேன்.
"வீட்டுக்குக் கொண்டுபோனா பில் வராதே?"
என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள் டமாரிஸ்.

பிடித்ததை வரையச் சொன்னேன், முதல் வாரம்.
எல்லோரும் வானவில் வரைந்தார்கள்,
எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து.
ஓஸெல் மட்டும் அண்ணாந்து பார்த்தான்.
கூரையில், குழல்விளக்குக்குப் பக்கத்தில்,
தேநீர் கொட்டியதுபோல் ஒரு கறை.
அதை வரைந்தான்.

அடுத்த வாரமும் அதையே.
அதற்கடுத்த வாரம் கறைக்கு வால் முளைத்திருந்தது;
அவன் தாளிலும்.
பழுப்பு என் பெட்டியில் இல்லை.
சிவப்பில் பச்சையைக் குழைத்தான், கூடிப்போனது,
சட்டைக்கையில் துடைத்தான், திரும்பக் குழைத்தான்,
"கிட்ட வந்துட்டேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.
கறைக்கு விளிம்பில்தான் அடர்த்தி, நடுவில் வெளுப்பு.
கலைக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.
அந்தக் கடனை நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் நிதி தருபவர்கள் வந்தார்கள்.
வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இரவோடு இரவாக,
கூரைக்கு வெள்ளை அடித்துவிட்டது பள்ளி.
கண்துடைப்பு.
ஓஸெல் அண்ணாந்தான்.
தோய்த்த தூரிகை காயும்வரை கையிலேயே இருந்தது.
"என்னோடதை யார் அழிச்சது?"

படம் எடுக்க வானவில்களைத் தூக்கிப் பிடித்தோம்.
படிவத்தில் ஒரு கேள்வி:
எத்தனை குழந்தைகளின் வாழ்க்கை மாறியிருக்கிறது?
இருபத்தாறு என்று எழுதினேன்.
அடித்தேன்.
காகிதம் வாங்கக் காசு வேண்டுமே,
மறுபடி இருபத்தாறு என்றே எழுதினேன்.

மார்ச். கூரைமேல் பனி இளகத் தொடங்கிய வாரம்.
கிறீச்சிட்டபடி நுழைகிறேன்,
என் பக்கம் ஒரு முகம் திரும்பவில்லை.
இருபத்தாறு கழுத்தும் பின்னால் சாய்ந்திருக்கின்றன.
வெள்ளைக்கு உள்ளிருந்து,
காசளவு, பழுப்பு.
ஆசிரியைகூடப் பலகையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்.

"உஷ்" என்றான் ஓஸெல் என்னிடம்.
"இன்னும் ஈரம் காயல. முடிக்கட்டும்."

பிறகு எல்லோருக்கும் சிவப்பும் பச்சையும் வேண்டியிருந்தது.
தூரிகை கிடைக்காதவர்கள் விரலைத் தோய்த்தார்கள்.
முதல் சொட்டு விழுந்த இடத்தில்
டமாரிஸ் ஒரு தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.
அது நிறைய நிறைய
அதிலேயே தொட்டுத் தொட்டு வரைந்தார்கள்.