ஒன்பதாவது பிரஷ்

கேடிசி நகர்ப் பாலம் இறங்கியதும் இடதுகைப் பக்கம்
தவசிக்கனி அண்ணாச்சியின் வாட்டர் சர்வீஸ்.
போர்டில் இப்போது ‘டீட்டெய்லிங்’ என்று சேர்த்திருக்கிறார்.
அந்த ஒரு சொல்லுக்கு நூற்றைம்பது ரூபாய் கூடுதல்.
அந்தச் சொல்லுக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பது நான்.

வண்டி எங்கே போய் வந்ததென்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
ஆரக்கால் இடுக்கில் செக்கச்செவேலென்றால்
உடன்குடித் தேரி.
தொட்டால் சுண்ணாம்பாக விரலில் ஒட்டினால் தாழையூத்து.
உவரி என்றால் நட்டுக்குழிக்குள் உப்புப் பொருக்கு.
சீசனில் குற்றாலம் போன வண்டியில்
சேறும், சேற்றில் நசுங்கிய ஒரு ரம்புட்டான் தோலும்.
எல்லா ஊருக்கும் பொதுவாக இன்னொன்று,
பிரேக் தேய்ந்து கொட்டுகிற கரும்பொடி.
அது மட்டும் தண்ணீருக்குப் பயப்படாது.

அதற்குத்தான் பிரஷ்.

முதலாவது கழுத்தில் ஒடிந்தது, இருபத்திரண்டு கார்.
இரண்டாவதும் அதே கழுத்து.
அப்புறம்தான் கம்ப்ரஸருக்கு மேலே சுவரில்
மார்க்கரால் கோடு போட ஆரம்பித்தேன்.
‘உச்சிமாகாளி கணக்கு’ என்று பயல்கள் சிரித்தார்கள்.
நாலாவதற்கு முடி கொட்டியது.
ஐந்தாவதற்குக் கொட்டவில்லை, படுத்துவிட்டது.
சித்திரை வெயிலில் ஓடி வந்த ரிம்மில் வைத்தால்
நைலான், மாடு படுத்தெழுந்த வைக்கோல்.
பஞ்சு வைத்தது ஒன்று, ஆசிட் குடித்துக் கரைந்தது.
ஏழாவதை யாரோ வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள்;
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த ஏஜென்ட்
எட்டாவதை நீட்டி, ‘லைஃப்டைம் சார், லைஃப்டைம்’ என்றான்.
அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
‘யார் ஆயுசுக்கு வே?’

பதினெட்டு கார்.

ஒன்பதாவது நன்றாக இருந்தது. அதுதான் வினை.
முறுக்குக் கம்பி, அடர்ந்த முடி,
நுனியில் சுண்டைக்காய் அளவு ரப்பர் குமிழ்.
ரிம்மின் முதுகுப்புறம் வரை போய்த் திரும்பும்.
ஐம்பது தாண்டியதும் நான் கோட்டைப் பார்ப்பதில்லை,
கையைப் பார்ப்பதில்லை,
கார்க்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே தேய்ப்பேன்.

குமிழ் எப்போது கழன்றது என்று தெரியாது.

அறுபத்தொன்றாவது, வள்ளியூர்க் கல்யாண வண்டி.
ரோஜா ஒட்ட டேப் வாங்கப் போயிருந்தார்கள்.
பின் இடது சக்கரத்துக்குள் விட்டு இழுத்தேன்.
கேட்டது முடியின் சத்தம் இல்லை.

கறுத்து மின்னும் அலாயில் பிறைபோல ஒரு கீறல்.
பக்கத்தில் அதன் பிள்ளைகள் நாலு.

அண்ணாச்சி வந்து குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.
‘ராத்திரி கல்யாணம். வண்டி ஓடும்.
எவம்ல சக்கரத்துக்குள்ள குனிஞ்சு பாக்கப் போறான்?’
நான் பார்ப்பேனே என்று நினைத்தேன், சொல்லவில்லை.
கோடு போடுகிற என் மார்க்கரையே வாங்கி
கீறலைக் கறுப்பாக்கினார்.
மேலே கொஞ்சம் பாலிஷ்.
மாப்பிள்ளையின் அண்ணன் இருபது ரூபாய் டீக்காசு தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கடைத் தொட்டியை அள்ளியபோது
வண்டலில் குமிழ் கிடைத்தது.
ஒன்றல்ல, மூன்று.
மற்ற இரண்டும் எந்தப் பிரஷ், எந்த வண்டி,
சுவரில் எங்கும் இல்லை.

இப்போது பத்தாவது.
கழுத்துக்கும் நுனிக்கும் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றி
நைலான் நூலால் இறுக்கியிருக்கிறேன்.
அசிங்கமாக இருக்கிறது என்கிறார் அண்ணாச்சி,
கஸ்டமர் பார்ப்பானாம்.
கோடு இருபத்தேழு.
ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால்
சோற்றுப் பதம் பார்ப்பதுபோல
நுனியை இரு விரலில் நசுக்கிப் பார்க்கிறேன்.

வெள்ளைக் கார் எது உள்ளே நுழைந்தாலும்
நம்பரைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பதில்லை.
பின்னால் போகிறேன்,
இடது பக்கமாக.