கையுறை

யாகூத்ஸ்க். மைனஸ் நாற்பத்தேழு.
துயாரா பேருந்துக்கு நிற்கிறாள்,
கையுறை ஒன்றைப் பள்ளி வாசலிலோ
மீன்கடையிலோ விட்டுவிட்டு.

குளிர் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.
அதற்குள் தோல் சொல்லிவிட்டது.
மூளையின் அடியில் மொச்சையளவு ஒன்று
அதைக் கேட்டு வெளிக்கதவுகளைச் சாத்துகிறது.
ரத்தம் உள்வீட்டுக்குத் திரும்புகிறது.
கல்லீரல் முடிந்துவைத்த சர்க்கரையை அவிழ்க்க
தொடைத்தசை நடுங்கி நடுங்கி எரிக்கிறது.
உறைந்த காற்றை மூக்கு
நுரையீரல் வாங்கும் பதத்துக்குக் காய்ச்சுகிறது.
சந்தடி சாக்கில் சிறுநீரகம்,
"உள்ளே தண்ணீர் கூடிப்போச்சு."
இப்போதா, என்று முனகுகிறாள்.

ஊருக்கு இளைத்தவை விரல்கள்தாம்.
வெறுங்கையின் ஐந்தையும்
எல்லாருமாகக் கைவிட்டாயிற்று.
ஆனாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை
நாளங்கள் இறுக்கம் தளர்த்தி
ஒரு மிடறு சூடு
படியளக்காமல் இல்லை.

பேருந்து வந்தது.
சில்லறை நழுவி எங்கோ உருண்டது.
"அப்புறம் கொடு, உட்கார்" என்றான் ஓட்டுநர் எகோர்.

மூன்றாம் நிறுத்தத்தில்
ரத்தம் விரலுக்குத் திரும்பியது,
ஊசி ஊசியாக.
அழுதது கண்.
ஐந்தையும் வாயருகே கொண்டுபோய் ஊதினாள்,
பிறகு வாயிலேயே வைத்துக்கொண்டாள்.
உப்பு. செதிள்.
நாக்குதான் முதலில் கண்டுபிடித்தது:

மீன்கடையில்.