பதினோராம் அளவு

டுலூத்தில் ஏரி இன்னும் உருகவில்லை.
பந்து உருட்டும் கூடத்தில்
காலணி வாடகைக்குக் கொடுப்பவள் நான்.
முகம் மறந்துபோகும் எனக்கு. அளவு மறக்காது.
ஆரின் ஹெல்கெசனுக்குப் பதினொன்று,
இடதுகால் சற்றே அகலம்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால்
இரண்டே பருவம் ஓடிய ஒரு தொடரில்
அவர்தான் கந்தகன்.
மஞ்சள் மேலங்கி, கையுறையில் புகை.
மூன்றாம் பருவத்துக்குக் காசில்லாமல்
ஒரு சுரங்கத்துக்குள் அனுப்பி
அப்படியே விட்டுவிட்டார்கள்.
செத்ததாகக் காட்டவில்லை.
அதுதான் வினை.

இப்போது புதுத் தொடர், புதுப் பிள்ளைகள்,
அதே நகரம், அதே சுரங்கம்.
ஏழாம் பகுதியில் சுவரோரம் ஒரு மஞ்சள் நூல்
அரை நொடி தெரிந்தது.
போதாதா?
அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
ஊரே ஒரு மேலங்கி நெய்துவிட்டது.

"கடைசிப் பகுதியில வர்றீங்கதானே?"
மளிகைக் கடையில் கேட்டார்கள்.
பல் மருத்துவர், அவர் வாய்க்குள்
கண்ணாடியை விட்டுக்கொண்டே கேட்டார்.
இல்லை என்றார்.
கண்ணடித்தார்கள்.
என்னை யாரும் கூப்பிடவே இல்லை என்றார்.
ஒப்பந்தம் அப்படித்தான் சொல்லச் சொல்லும் என்று
தோளில் தட்டினார்கள்.
கையிலிருந்த ஒரே 'இல்லை'
ஊரெங்கும் ஆமாம் என்று
செலவாகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை இரவு
பன்னிரண்டு தடங்களையும் அணைத்துவிட்டுப்
பெரிய திரையை இறக்கினோம்.
கொஸ்கி சகோதரர்கள்
மஞ்சள் துவாலையைத் தோளில் கட்டி வந்தார்கள்.
நர்ஸ் மாரிபெத் இரவுப்பணியை
யாரிடமோ கெஞ்சித் தள்ளிவிட்டு வந்தாள்,
'வருக' என்று எழுதிய கேக்குடன்.
ஆரினை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்,
கல்யாண மாப்பிள்ளை போல.

கதை நடந்தது. நகரம் இடிந்தது.
அந்தப் பெண், நல்ல நடிகை, பாவம்,
செத்த தம்பியை மடியில் கிடத்தி அழுதாள்.
யாரும் அவளைப் பார்க்கவில்லை.
அவள் தோளுக்குப் பின்னால் இருந்த
சுரங்க வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புகை வந்தது.
புகைக்குள் காலடிச் சத்தம்.
பிறகு பூட்ஸ்.
எப்போதும் பூட்ஸைத்தான் முதலில் காட்டுவார்கள்.
கூடமே எழுந்து நின்று கத்தியது.
நான் உட்கார்ந்தே இருந்தேன்.
ஒன்பது.
மிஞ்சினால் ஒன்பதரை.

அந்தக் கத்தலுக்கு நடுவே ஆரினைப் பார்த்தேன்.
ஐந்து வாரமாக இல்லை, இல்லை என்றவர்
நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
எந்தக் கேமரா முன்னும் போய் நிற்காத தன்னை
எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரா மேலே ஏறியது.
முழங்கால், இடுப்புவார், தாடை.
அடுத்த வருஷத் தொடருக்கு முன்பணம் போல
யாரோ ஓர் இளைஞன்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
மாரிபெத் கத்தியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.
இளைய கொஸ்கி துவாலையை
நாலாய் மடித்துக்கொண்டே
"ஒரு நிமிஷமாவது வந்திருக்கலாம் நீங்க" என்றான்,
வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம்.

"மன்னிச்சுக்கப்பா" என்றார் ஆரின்.

வண்டிகள் பனியைத் தேய்த்துப் போன பிறகும்
அவர் போகவில்லை.
கேட்காமலே பதினொன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.
ஏழாம் தடத்துக்கு மட்டும் விளக்குப் போட்டேன்.

"பூட்ஸப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்:
"எனக்கு முகம் வர்ற வரைக்கும் தெரியல."